ஏழாம் நம்பர் டோக்கன்

எதையும் தொலைந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். என் மனைவியின் ஒற்றைக் கொலுசு காணாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. தோட்ட வேலைக்கு வந்த முதல் நாளே அதைக் கேள்விப்பட்டவர், "தொலஞ்சிடுச்சின்னு சொல்லாதீங்கம்மா. கீழ போயிருக்குது. இன்னும் மேல வரல, அவ்ளோதான்" என்றார். அடுத்த மழைக்கு வாழைக்குழியைக் கிளறும்போது கொலுசு கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தபோது அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. ஷிப்ட் முடிந்து தாமதமாக வந்து நிற்கும் தொழிலாளியைப் பார்ப்பதுபோல அந்தக் கொலுசை ஒரு முறை பார்த்தார்.

சாம்பியன் ரீப்ஸில் ஒரு தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் டோக்கன் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு எண், ஒரே எண்ணில் இரண்டு டோக்கன். கீழே இறங்குகிறவன் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறுவான். அதன் ஜோடி இவருடைய பலகையில் ஆணியில் தொங்கும். அவன் மேலே வந்து தன்னுடையதை நீட்டினால்தான் ஜோடி ஆணியைவிட்டு இறங்கும். பலகையில் டோக்கன் தொங்குகிறது என்றால் பூமிக்குள் ஓர் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். ஊர் அவரை டோக்கன்காரர் என்றே அழைத்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே பிடிக்காது. "பேரு மூணு பேருக்கு ஒண்ணாக் கீது சார். நம்பர்தான் ஒருத்தருக்கு ஒண்ணு" என்பார்.

சுரங்கத்தை விட்டு வந்தபிறகும் அந்தப் பலகை அவர் தலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் வரிசையை எண்ணுவார். பஸ்ஸில் இறங்கியவர்களை எண்ணிவிட்டு, ஏறியவர்களிலிருந்து கழித்து, நடத்துநரிடம் சரியா என்று கேட்பார். ஊரில் யாராவது இறந்தால்கூட "அவரு இறங்கிட்டாரு" என்பார். அதற்குமேல் போகமாட்டார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. ஒரு நாள் பகல் ஷிப்ட் முடிந்தும் ஓர் ஆள் டோக்கன் கொடுக்கவில்லை. அடுத்த ஷிப்டும் இறங்கிவிட்டது. ஆளைத் தேடி லெவல் லெவலாகப் போனார்கள். அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மேலதிகாரி வந்து, காணவில்லை என்று எழுதச் சொன்னாராம். இவர் பேனாவைத் தொடவில்லை. "ஜோடி தொங்குது சார். அப்ப ஆள் இருக்கான்" என்று பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். அவனோ சாம்பியன் ரீப்ஸில் இறங்கி, பூமிக்குள்ளேயே நடந்து, பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் வேலை செய்த தன் சகலையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கேஜில் மேலே ஏறி, ராபர்ட்சன்பேட்டையில் மேட்னி பார்க்கப் போய்விட்டான். படம் முடிந்து வீட்டுக்கு வந்தவனை எல்லாரும் சேர்ந்து இழுத்து வந்தபோது இவர் கையை நீட்டியபடி சொன்னாராம்: "மொதல்ல டோக்கனக் குடு. அப்புறமா ஒத வாங்கு."

நான் கனரக எந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தேன். தொழிற்சாலைக் குடியிருப்பில் முன்னும் பின்னும் தோட்டம் உள்ள வீடு. சுரங்கத்தில் ஆள் குறைத்த வருடம் அவர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாரம் இரண்டு நாள் எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். நல்ல மனிதரைப் பற்றி எழுதுவது சுலபம். அவரைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதவேண்டும் என்பதால்தான் இத்தனை காலம் தள்ளிப்போட்டேன்.

ஓர் ஐப்பசியில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். சுரங்கப் பகுதியான பாலகாட்டில் பூட்டிக் கிடந்த பழைய பங்களா ஒன்றின் தோட்டத்தில் பொறுக்கிய விதைகள். வட்டமாக, தட்டையாக, ஓரம் மட்டும் மெலிந்து இருந்தன. "பாத்தீங்களா சார், வெதையே டோக்கன் மாதிரிதான் கீது" என்றார். வெள்ளைக்காரர்கள் ஹாலிஹாக் என்று வளர்த்த செடி அது. சுரங்கத்துக்காரர்களுக்குப் பங்களா செம்பருத்தி. அவர் குடியிருந்த லைன் வீட்டில் செடி வைக்க இடம் இல்லை. இருந்த இடத்தையும் ஆடுகள் விடாது. எங்கள் கிழக்குச் சுவர் ஓரம் ஒரு பாத்தி தரமுடியுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். எத்தனை நாள் பிடிக்கும் என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு ஷிப்டு சார்" என்றார். "மொத ஷிப்டு ஃபுல்லா கீழதான் வேல. வேரு. மேல வெறும் எலதான் தெரியும். ரெண்டாவது ஷிப்டுல குளிரு பட்டதும் மேல ஏறும், ஆள் ஒசரம். பூத்து, வெதய வுட்டுட்டு இறங்கிடும்."

ஏழு விதை முளைத்தது. பால் பவுடர் டப்பாவின் தகட்டை வட்டமாக வெட்டி, ஆணியால் எண் குத்தி, ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் கம்பியில் கட்டினார். ஜோடித் தகடுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பலகை வைத்திருந்தார்.

அந்த மார்கழிக் குளிரில் செடிகள் விரல் நீளம்தான் இருந்தன. குளிர் பட்டால் பூக்கும் என்கிறீர்களே, பட்டுவிட்டதே என்று நான் கேட்டேன். சின்னப் பையனைக் கேஜில் ஏற்றமாட்டார்கள், வயசு வரவேண்டும் என்றார். பின்னாளில் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். ஈராண்டுச் செடிகள் ஓர் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் குளிரை உணரும், அதற்கு முன் எத்தனை குளிர் வந்தாலும் அவற்றுக்குக் கணக்கில்லை என்று அதில் போட்டிருந்தது. அவர் சொன்னதையே நான்கு பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வருடம் முழுவதும் இலை. பரங்கி இலைபோல் அகலமாக, சொரசொரப்பாக, தரையோடு படர்ந்த இலை. அதைச் சமைக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். பால்காரர் கன்னடத்தில் கேலி செய்தார். டீக்கடையில் அதற்கு டோக்கன் கீரை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்.

என் கண் வேறு எங்கோ இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் குடியிருப்பில் தோட்டப் போட்டி நடக்கும். எதிர்வீட்டுக்காரர் கணக்குப் பிரிவு அதிகாரி; அவர் வீட்டு பெட்டூனியாவைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். முதல் வருடப் போட்டியில் நடுவராக வந்த அம்மையார் கிழக்குப் பாத்தியைக் காட்டி, முட்டைக்கோஸ் நாற்றா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்தச் செடிகளைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது.

இரண்டாவது ஜனவரியில், போட்டிக்கு எட்டு நாள் முன்பு, அவர் குடலிறக்க அறுவைக்காக வேலூர் போனார். போகும்போது பாத்திக்கு முன்னால் நின்று, இந்தக் குளிர் போகட்டும், பங்குனியில் பாருங்கள் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியை எடுத்தேன். யாரும் தூண்டவில்லை. வேலையாளை வைத்தும் செய்யவில்லை. நானே வெட்டினேன். வேர்கள் முள்ளங்கிபோல் வெள்ளையாக, முழங்கை நீளத்துக்கு வந்தன. நடு இலைகள் மட்டும் மற்றவற்றைப்போல் படுக்காமல் நிமிரத் தொடங்கியிருந்தன. அதைக் கவனித்தேன். கவனித்தும் நிறுத்தவில்லை. மண் கட்டியோடு, தகட்டோடு, ஏழையும் தூக்கிப் பின்சுவருக்கு அப்பால் குப்பைமேட்டில் எறிந்துவிட்டு, நாற்றுப்பண்ணையிலிருந்து பூத்த சாமந்தியை வாங்கி வந்து வரிசையாக நட்டேன்.

எனக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் வாளி. என் மனைவி அதில் ஒரு நாளும் தண்ணீர் பிடிக்கவில்லை.

அவர் திரும்பி வந்து சாமந்தியைப் பார்த்தார். கேட்டைத் திறந்து வைத்துவிட்டேன், மாடு மேய்ந்துவிட்டது என்றேன்.

"மாடு எலயத்தான சார் துன்னும்" என்றார். "வேரு கீழதான இருந்திருக்கும்?"

மிதித்து நாசமாகிவிட்டது, தோண்டி முனிசிபாலிடி லாரியில் போட்டுவிட்டேன் என்றேன்.

"டோக்கனு?"

அதுவும் லாரியோடு போய்விட்டது என்றேன். தலையை ஆட்டினார். கோபம் இல்லை, வருத்தம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. "சரி சார். ஜோடி எங்கிட்ட கீது. தொங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்.

மாசி மாதத்தில் அவருடைய மகள் ஏதோ கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். பி.யூ.சி.யில் வேதியியலில் இரண்டு முறை தேறாத பெண். நர்ஸ் படிப்புக்குப் போகவேண்டும் என்பது ஆசை. வாயைத் திறந்தால் சிரிப்பாள். மூன்றாவது முறை எழுதப்போகிறாயா என்று என் மனைவி கேட்டதற்கு, "செடியக் கேக்கணும் ஆன்ட்டி" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளுடைய தாய்மாமன் குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்தவர். தீபாவளிக்கு வந்தவர், பெயிலான பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது, தட்டு மாற்றிவிடலாம் என்று பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக இலை விட்டுக்கொண்டிருக்கிற கீரையும் உங்கள் பெண்ணும் ஒன்று, இரண்டும் பூக்காது என்று கேலியும் பேசினார். டோக்கன்காரர் விடவில்லை. பங்குனி உத்திரத்துக்கு வா, அந்தச் செடி பூத்திருந்தால் நீ வாயை மூடிக்கொள்ளவேண்டும், அவள் படிப்பாள். பூக்கவில்லை என்றால் நானே தட்டோடு குடியாத்தம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லையும் டோக்கன் நம்பரைப்போல் மாற்றாமல் வைத்திருப்பவர் அவர்.

"நல்ல செடியாப் பாத்து எம் படிப்ப ஒப்படச்சாரு ஆன்ட்டி எங்கப்பா" என்றாள் அந்தப் பெண். "அது மாட்டு வயித்துக்குள்ள போயிடிச்சி. ஒரு ரோஜாச் செடி மேல பந்தயம் கட்டியிருக்கக்கூடாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று, சாமந்திப் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன்.

பங்குனி பிறந்து பத்து நாளில், மாடியில் துணி எடுக்கப் போனவன் பின்சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். குப்பைமேட்டின் சரிவில், எங்கள் சமையலறைத் தண்ணீர் ஓடும் கால்வாய்க்குப் பக்கத்தில், தடித்தடியாகத் தண்டுகள் நின்றன. சில வளைந்து, சில சாய்ந்தபடி. உடைந்த பானைக்குள்ளிருந்தும் ஒன்று கிளம்பியிருந்தது. அடிமுதல் நுனிவரை மொட்டு. உயரமான ஒன்று மட்டும் பூத்தே விட்டது. தட்டு அகலத்தில், ரோஸ் நிறத்தில், நடுவில் மட்டும் ரத்தச் சிவப்பாக.

மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்கவேண்டும். யாராவது பார்க்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பூவை அவர் பார்த்தால் மாடும் லாரியும் என்னவாகும்?

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் மதியம் கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். பூத்திருந்த அந்த உயரமான தண்டை அடியோடு அறுத்தேன். வேரையும் விடாமல் கெல்லி எடுத்துக் கால்வாயில் வீசினேன். கம்பியோடு தகடு கையில் வந்தது. அதில் ஏழு என்று குத்தியிருந்தது. கை பிசுபிசுத்தது. அடுத்ததைப் பிடித்தபோது சுவருக்கு மேலே என் மனைவியின் தலை தெரிந்தது. வாழைத்தார் வெட்டும் முக்காலியில் ஏறி நின்றிருந்தாள்.

"அந்தப் பொண்ணையும் இப்படியே அறுத்துட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டாள்.

தகடு என் சட்டைப் பையில் இருந்தது. நான் அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸுக்குப் போனேன்.

அவர் வீட்டில் கூட்டமாக இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தாலும் குடியாத்தத்து மைத்துனர் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கிவிட்டார். வாசலில் புதிதாக வாங்கிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மகள் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை. சுவரில் அந்தப் பலகை. ஏழு ஆணியில் ஏழு தகடு தொங்கியது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். எல்லார் முன்னாலும் வாய் திறந்துகொண்டது. மாடு மேயவில்லை, போட்டிக்காக நான்தான் வெட்டிப் பின்னால் எறிந்தேன், அங்கே பூக்கப்போகிறது என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு பலகையை. பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "மச்சான், செருப்பப் போடு" என்றார்.

குப்பைமேட்டுக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மைத்துனர் ஏறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டே வாதாடினார். "இன்னா மாமா, ஞாயம் வேணாவா? நீ சொன்னது பாத்தியில பூக்கும்னு. இது குப்ப. குப்பையில பூத்ததுலாம் கணக்குல வராது. அதுவும் மொட்டாத்தான் கீது."

"மச்சான்" என்றார் இவர், "சாம்பியன் ரீப்ல எறங்குனவன் மைசூர் மைன்ல ஏறி சினிமாவுக்குப் போனான். அவனுக்கு ஆஜர் உண்டா, இல்லியா?"

"அந்தக் கத எதுக்கு இப்போ?"

"எந்த ஷாஃப்டுல ஏறுனா இன்னா? ஆளு மேல வந்துட்டான்."

அதற்குள் மகள் ஒரு தண்டைக் கையால் நிமிர்த்தினாள். மறைவில் ஒரு மொட்டு வாய் திறந்திருந்தது. ரோஸ் நிறம் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. அவள் சிரித்த சிரிப்புக்குக் காக்கைகள் பறந்தன. மைத்துனர் வேட்டியை இறக்கிவிட்டு, அந்தத் தாம்பாளத்தை என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். நர்சாகி வரட்டும், அதில்தான் ஆரத்தி என்றார் இவர்.

பிறகு சரிவில் குந்தி உட்கார்ந்து தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறுவரை வந்தது.

"ஏழு எங்க சார்?"

சற்றுமுன்தான் ஊர் முன்னால் உண்மை சொன்ன வாய் அது. இன்னொன்று சொல்ல ஒரு நொடி போதும். "ஆறுதான் பிழைத்தது" என்றேன். தகடு என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"சரி" என்றார். வீட்டுக்குப் போய் ஆறு ஜோடியைப் பலகையிலிருந்து இறக்கினார். ஏழு தொங்கியது.

அந்தப் பெண் அந்த முறையும் வேதியியலில் தேறவில்லை. மறுதேர்வில்தான் தேறினாள். "அவ மூணு ஷிப்டுச் செடி சார், கொஞ்சம் லேட்டு" என்று இனிப்புக் கொண்டுவந்தார். பெங்களூரில் நர்ஸ் படித்து அங்கேயே வேலைக்கும் போனாள். ஹாலிஹாக் விதைகளை அவர் இரண்டாகப் பிரித்து, இந்த வருடம் ஒரு பாத்தி, அடுத்த வருடம் இன்னொரு பாத்தி என்று விதைத்தார். ஒரு பாத்தி இலையாக இருக்கும்போது இன்னொன்று பூத்து நிற்கும். கிழக்குச் சுவர் எந்தப் பங்குனியிலும் வெறுமையாக இருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரரே வந்து விதை வாங்கிப் போனார். போட்டியில் நான் பிறகு பெயர் கொடுக்கவில்லை.

மாதம் ஒரு முறையாவது, களை எடுத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொல்வார்: "ஏழாம் நம்பரு இன்னும் மேல வரல சார்." நான் ம் என்பேன். வேண்டுமென்றே சொல்கிறாரா, பழக்கத்தில் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் எப்போதும் அதே சிரிப்புதான்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கம் மூடிய பிறகு மகளோடு இருக்கப் பெங்களூர் கிளம்பினார். போகிற நாள் காலையில் விடைபெற வந்தவர், என் மனைவியிடம் ஒரு பொட்டலம் விதை கொடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஏழு என்று குத்திய தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"பலகைய வெறவுக்குப் போட்டுட்டன் சார். இத உங்ககிட்ட கீறதோட சேத்து வெச்சிக்கங்க" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போனார். கேட்டை மறக்காமல் சாத்திவிட்டுப் போனார், மாடு வந்துவிடும் என்று.

ஏழாம் நம்பர் பிழைத்திருந்தது. எல்லாவற்றிலும் உயரமாக நின்றது, முதலில் பூத்ததும் அதுதான். நான் அறுத்தேன். இரண்டு தகடுகளும் இதோ இந்தத் தாளின்மேல் கிடக்கின்றன.